44ஆம் எண் சாலையின் இரண்டு இறக்கங்கள்

எங்கள் ஊர் தொப்பூர் கணவாய்க்கு மேலே, தருமபுரிப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் காற்று தெற்கிலிருந்து வீசினால் ஒரு வாடை வரும். ரப்பரும் இரும்பும் சேர்ந்து தீய்வதுபோல, மூக்குக்குள் ஒட்டிக்கொண்டு இரவு சோறு உண்ணும்வரை போகாத வாடை. பிரேக் லைனர் கருகும் வாடை அது என்று அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். அவர் லாரி டிரைவர். வாடை வந்தால், "எவனோ நியூட்ரல்ல எறங்கியிருக்கான்" என்பார். பிறகு சற்று நேரம் பேசமாட்டார். சேலம் பக்கமிருந்து யாராவது வந்து, ரெட்டைப் பாலத்து வளைவில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் தட்டில் கை வைப்பார்.

அதே வாடையை நாட்டின் மறுகோடியில், 2016ஆம் ஆண்டு அக்டோபரில், ராம்பன் என்ற ஊரில் மறுபடி முகர்ந்தேன். கீழே செனாப் ஆறு சேற்று நிறத்தில் ஓடுகிறது. மேலே பனிஹாலிலிருந்து ஆப்பிள் ஏற்றிய லாரிகள் வரிசையாக இறங்கி வருகின்றன. சாலை அகலப்படுத்தும் வேலைக்கு சர்வேயராக அன்றுதான் போய்ச் சேர்ந்திருந்தேன். பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று அந்த வாடையை உள்ளே இழுத்தேன். தொப்பூரும் ராம்பனும் ஒரே சாலையில் இருப்பவை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்பு தொப்பூர்ச் சாலைக்கு எண் 7, ராம்பன் சாலைக்கு 1ஏ. 2010இல் எண்களை மாற்றியபோது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை ஒரே எண் கொடுத்தார்கள்: 44.

ஐந்து வருடம் அங்கே இருந்தேன். சுமைலாரிகளுக்காக மலையில் ஒரு நெடுஞ்சாலை போடுவது என்றால் என்ன என்பதை அந்த 36 கிலோமீட்டர் எனக்குக் கற்றுக் கொடுத்தது. ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் நடுவில் உள்ள தூரம் அவ்வளவுதான்.

ஜம்முவிலிருந்து காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்குள் போக, குறுக்கே நிற்பது பீர் பஞ்சால் மலைத்தொடர். பழங்காலத்தில் வண்டிப் பாதை இந்தப் பக்கம் முக்கியமாக இருக்கவில்லை. ராவல்பிண்டியிலிருந்து முசாஃபராபாத், பாராமுல்லா வழியாக ஜீலம் ஆற்றங்கரையோடு போகும் சாலைதான் பெரிய வழி. அதில் ஏற்றம் குறைவு, ஆறே பாதையை வெட்டி வைத்திருந்தது. மகாராஜா பிரதாப் சிங் காலத்தில் போட்ட பனிஹால் வண்டிச்சாலை 1922இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. 1947இல் நாடு பிரிந்ததும் ஜீலம் வழி அடைபட்டது. அதுவரை இரண்டாம் வழியாக இருந்த ஒன்று, ஒரே வழியாக மாறியது. குதிரைவண்டிக்கும் சிறு மோட்டாருக்கும் வகுத்த கோட்டின் மேல் அரிசி, உப்பு, பெட்ரோல், சிமெண்ட், ராணுவத் தளவாடம் அத்தனையும் ஏறத் தொடங்கின. இன்று வரை அந்தச் சாலை படும் பாட்டுக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன். சுமைக்காகப் பிறந்த பாதை அல்ல அது.

2,832 மீட்டர் உயரத்தில் இருந்த பனிஹால் கணவாய் குளிர்காலத்தில் பனியில் மூடிக்கொள்ளும். அதனால் 1954இல் கணவாய்க்கு அடியில் இரட்டைக் குழாயாகச் சுரங்கம் குடைய ஆரம்பித்தார்கள். ஜெர்மானியப் பொறியாளர்கள் முன்னின்று செய்த வேலை. 2.85 கிலோமீட்டர். 1956 டிசம்பரில் திறந்து ஜவாஹர் சுரங்கம் என்று பெயர் வைத்தார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,194 மீட்டர். அதிலிருந்து ராம்பனுக்கு இறங்கினால் உயர வித்தியாசம் 1,000 மீட்டருக்கு மேல். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து சக்கர டாரஸ் லாரி, சட்டப்படி முழுச் சுமையோடு 28.5 டன் இருக்கும். அது 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது 28 கோடி ஜூல் ஆற்றலை எங்கேயாவது விட்டாக வேண்டும். நூறு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கும் வெப்பம் அது. ஒரு பகுதியைக் காற்றும் டயரின் உராய்வும் வாங்கிக்கொள்ளும். எஞ்சியது எஞ்சினுக்கா, பிரேக் டிரம்முக்கா என்பது டிரைவர் போடும் கியரில் இருக்கிறது. செகண்டிலோ தேர்டிலோ எஞ்சினைப் பிடிக்கவிட்டு இறங்கினால் வெப்பத்தின் பெரும்பங்கு எஞ்சின் வழியாகப் போய்விடும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் தள்ளினால் அத்தனையும் டிரம்மின் தலையில் விழும். லைனர் ஒரு சூட்டுக்கு மேல் பிடிமானத்தை இழக்கும். மிதித்தால் மிதி இருக்கும், வண்டி நிற்காது. அந்த நேரத்துக் கருகல் வாடைதான் என் பள்ளிக்கூட நாட்களில் காற்றில் வந்தது.

ராம்பன் கடைத்தெருவில் ஒரு நாள் டி.என். 28 என்று ஆரம்பிக்கும் நம்பர் பலகையைப் பார்த்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். நாமக்கல் பதிவு. உள்ளே இருந்தவர் ராசிபுரம் பக்கத்துத் தம்பி. ஆப்பிள் ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போகிறார். மேலே எங்கோ மண் சரிந்து, மூன்று நாளாக அதே இடத்தில் நிற்கிறார். தமிழ் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"ஏத்தம் ஒண்ணும் பண்ணாதுங்கண்ணா. மெதுவா உறுமிக்கிட்டு ஏறிரும். எறக்கம்தான் உசுர எடுக்குது. அதுலயும் பாருங்க, எறங்கிட்டே இருக்கறப்ப திடீர்னு ஒரு வளைவு வெச்சிருக்காங்க. யாருண்ணா இந்த ரோட்டுக்குப் படம் போட்டது?"

நூறு வருடம் முன்பு போட்ட படம் என்று சொன்னேன். இனி வரும் படத்தை நாங்கள் போடுகிறோம் என்றும் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை ஐந்து வருடமும் என் மேசைமேல் இருந்தது.

மலைச்சாலைக்கு நம் நாட்டில் விதி உண்டு. நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் ஏறலாம், நெருக்கடியான இடத்தில் ஆறு, தவிர்க்கவே முடியாவிட்டால் ஏழு. கொண்டை ஊசி வளைவுக்குள் இரண்டரைக்கு மேல் கூடாது. வளைவில் சாலை அகலம் கூட வேண்டும், ஏனென்றால் நீளமான லாரியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். இவை காகிதத்தில் எளிதாகத் தெரியும். ஆனால் மலையில் ஒவ்வொரு எண்ணும் இன்னொன்றோடு மல்லுக்கு நிற்கும். சரிவைக் குறைக்க வேண்டுமானால் பாதை நீள வேண்டும். பாதை நீண்டால் மலையை இன்னும் அதிக தூரம் வெட்ட வேண்டும். வெட்ட வெட்ட மலை கீழே வரும்.

அந்த மலை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பாறை வயதான பாறை, கெட்டிக் கருங்கல். உளி பட்டால் பொறி பறக்கும். இமயமலை இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் மலை. ராம்பன் பக்கத்தில் பாறை பல இடங்களில் ஏடு ஏடாக, சிலேட்டுப் பலகைகளை அடுக்கியதுபோல் இருக்கும். விரலால் உதிர்க்கலாம். ஏடுகள் ஆற்றைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. இடையில் தண்ணீர் இறங்கினால் ஒரு ஏடு இன்னொன்றின் மேல் வழுக்கும். நிலநடுக்கப் பகுதி வேறு. எங்கள் வீட்டுக் களத்தில் ராகியைக் குவித்து வைப்போம். குவியல் தானாக ஒரு சரிவில் நிற்கும். அடியில் ஒரு கைப்பிடி எடுத்தால் உச்சியிலிருந்து சரிந்து அந்த இடத்தை நிரப்பும். இரண்டு வழிச் சாலையை நான்கு வழியாக்க மலையின் அடியில் பத்துப் பதினைந்து மீட்டர் உள்ளே வெட்டுவது, அந்தக் கைப்பிடி ராகியை எடுப்பதுதான்.

ஜம்மு பக்கத்தில் மண்சரிவை பஸ்ஸி என்பார்கள். டிரைவர், டீக்கடைக்காரர், போலீஸ்காரர் எல்லோருக்கும் அதே சொல். "பஸ்ஸி விழுந்திருக்கிறது" என்றால் அன்றைய வேலை எல்லாம் மாறிவிடும். நாங்கள் அதன் சத்தத்தைக் கற்றுக்கொண்டோம். முதலில் கூழாங்கல் உருளும், மாடு நடக்கும் சத்தம்போல. பிறகு ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஓட வேண்டும்.

சரிவை வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு படி வெட்டி, அந்தப் படிக்கு ராக் போல்ட் என்னும் இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் அடித்து, கம்பிவலை விரித்து, ஷாட்கிரீட் என்னும் பீய்ச்சும் காங்கிரீட்டைப் பூசி, தண்ணீர் வெளியேறக் குழாய் சொருகி, அதன் பிறகே அடுத்த படிக்கு இறங்க வேண்டும். மெதுவான வேலை, செலவும் அதிகம். 2017 வசந்தத்தில் ஒரு துணை ஒப்பந்தக்காரர் பொக்லைனைக் கீழேயே நிறுத்தி அடியிலிருந்து வெட்டினார். நாள் கணக்குக்கு மண் அளவு காட்ட வேண்டும் என்ற அவசரம். அன்றைய அளவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். வெட்டிய முறை தவறு என்று வாயால் சொன்னேன், சீட்டில் எழுதவில்லை. இரண்டு இரவு மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை பொக்லைன் ஓட்டும் பையன், ஜார்க்கண்டிலிருந்து வந்தவன், டீ குடிக்க இறங்கி நாற்பதடி நடந்திருப்பான். திரும்பிப் பார்க்கும்போது வண்டி இருந்த இடத்தில் மலை இருந்தது. அவன் கையில் டீ டம்ளர் அப்படியே இருந்தது. அன்றைக்குப் பிறகு எதையும் வாயால் மட்டும் சொல்லி நிறுத்தியதில்லை. எழுதினேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் டீ நேரம் வாய்க்கவில்லை. 2022 மே 19ஆம் தேதி இரவு, ராம்பனுக்கு மேலே கூனி நாலா என்ற இடத்தில் சுரங்கத்துக்கு வழி திறக்கும் வேலையில் மலை இறங்கியது. 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். மேற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள், உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். நான் அப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன். செய்தி பார்த்த அன்று, அந்தச் சரிவின் எதிரே நின்று சர்வே கருவியை வைத்த இடம் கண்முன்னே வந்தது. சாலை திறப்பு விழாவில் கல்வெட்டு வைக்கிறோம். அந்தப் பத்துப் பேரின் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இதை எங்கே கேட்க வேண்டுமோ அங்கெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெட்டிய மண்ணை என்ன செய்வது என்பது வெளியில் யாரும் யோசிக்காத கேள்வி. நூறு கனமீட்டர் பாறையை உடைத்தால் அது இடுக்கும் இடைவெளியுமாக உப்பி நூற்றைம்பது கனமீட்டர் ஆகும். தளத்தில் அதை மக் என்போம். மலைப்பிரதேசத்தில் சமநிலம் கிடையாது. கொட்ட இடம் இல்லாமல் ஆற்றுப் பக்கம் தள்ளினால் ஆறு ஒதுங்கி எதிர்க்கரையை அறுக்கும். அறுத்த கரையின் மேலே ஒரு கிராமமோ, நம் சாலையின் இன்னொரு வளைவோ இருக்கும். மக் கொட்டுமிடத்தை முதலில் தேடு, பிறகு வெட்டும் இடத்தைத் தேடு என்று என்னிடம் சேர்ந்த இளைஞர்களுக்குச் சொல்வேன்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு முடிவு பிறந்தது. அதில் இன்றும் மாற்றமில்லை. இப்படிப்பட்ட மலையில் சுமைச்சாலை போட வேண்டுமென்றால், மலையின் காலை வெட்டுவதைவிட மலைக்குள் போவது மேல். முதலில் செலவு பல மடங்கு. ஆனால் உள்ளே போன சாலை லாரியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருசேர எடுத்துவிடுகிறது. பஸ்ஸிக்கும் அங்கே வேலை இல்லை.

இதற்குக் கண்ணெதிரே சாட்சி உண்டு. உதம்பூர் தாண்டி செனானிக்கும் நாஷ்ரிக்கும் நடுவே, பழைய சாலை பத்னிடாப் என்ற 2,000 மீட்டர் உயர முகட்டில் ஏறி இறங்கும். 41 கிலோமீட்டர். குளிர்காலத்தில் உறைபனி. 2017 ஏப்ரல் 2ஆம் தேதி திறந்த சுரங்கம் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்திலேயே மலையைத் துளைத்து மறுபக்கம் போகிறது. நீளம் 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 41 கிலோமீட்டர் 11க்குள் வந்துவிட்டது. ஆனால் எனக்கு அந்தக் கிலோமீட்டர் கணக்கைவிடப் பெரிதாகத் தெரிவது 800 மீட்டர் உயரம். ஒவ்வொரு சுமைலாரியும் ஏறாமல் விட்ட 800, இறங்காமல் விட்ட 800. பனிஹாலிலும் அதே கதை. 2021இல் போக்குவரத்துக்கு வந்த பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் 8.45 கிலோமீட்டர், இரட்டைக் குழாய். பழைய ஜவாஹர் சுரங்கத்துக்கு 400 மீட்டர் கீழே, 1,790 மீட்டரில் போகிறது. 1956இல் அந்த உயரத்தில் அவ்வளவு நீளம் குடையக் கருவியும் பணமும் இல்லை. இருந்ததை வைத்து அவர்கள் செய்தது பெரிய காரியம்.

சுரங்கம் குடைவதை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். முகப்புப் பாறையில் ஜம்போ என்ற பல கை எந்திரம் துளைகள் போடும். அதில் வெடி வைத்து, எல்லோரும் பின்வாங்கி, வெடித்ததும் புகை போகக் காத்திருப்போம். பிறகு தொங்கும் கற்களைத் தட்டி உதிர்த்து, மக் அள்ளி, உடனே ஷாட்கிரீட் அடிப்போம். வளைந்த இரும்புச் சட்டம் நிறுத்தி, பாறைக்குள் ஆழமாக போல்ட் இறக்குவோம். ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் முன்னேறும், பாறை நல்லதாக இருந்தால் மூன்று. இந்த முறையின் உயிர் பாறையையே தூணாக்குவதில் இருக்கிறது. சிமெண்டும் இரும்பும் துணைக்குத்தான். குடைந்த ஓட்டையைச் சுற்றியுள்ள பாறை தன் பாரத்தைத் தானே வளையமாகத் தாங்கிக்கொள்ளப் பழக வேண்டும். அது பழகுகிறதா என்று அளப்பது என் வேலை. சுவரில் பதித்த புள்ளிகளைத் தினமும் காலையில் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் பார்ப்பேன். நேற்று 4 மில்லிமீட்டர் உள்ளே வந்தது, இன்று 2, நாளை 1 என்றால் மலை அமைதியாகிறது. நேற்று 4, இன்று 9 என்றால் கருவியை மடக்கும் முன்பே ஆட்களை வெளியே கூப்பிட வேண்டும். ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டேன். ஒன்றும் விழவில்லை, ஒரு ஷிப்ட் வேலை கெட்டது. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

குடைந்து முடித்தால் பாதி வேலை. லாரிகள் போகும் சுரங்கத்துக்கு மூச்சு வேண்டும். ஏற்றத்தில் உறுமும் டீசல் எஞ்சின் விடும் புகை, கார் விடுவதுபோல் அல்ல. செனானி–நாஷ்ரி சுரங்கத்தில் பக்கவாட்டிலிருந்து 8 மீட்டருக்கு ஒரு துவாரத்தில் நல்ல காற்று உள்ளே வருகிறது. 100 மீட்டருக்கு ஒரு வாயில் புகை வெளியே உறிஞ்சப்படுகிறது. பெரிய குழாய்க்கு இணையாக 5 மீட்டர் விட்டத்தில் ஒரு தப்பும் குழாய் ஓடுகிறது. இரண்டையும் 29 இடங்களில் குறுக்கு வழி இணைக்கிறது. இந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 1999 மார்ச் 24ஆம் தேதி பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங் சுரங்கத்துக்குள் ஒரு லாரி தீப்பிடித்தது. பெட்ரோல் வண்டி அல்ல, மார்கரீனும் மாவும் ஏற்றிய சாதாரணச் சரக்கு லாரி. 39 பேர் இறந்தார்கள். தீ இரண்டு நாளுக்கு மேல் எரிந்தது. மூடிய குழாய்க்குள் வெண்ணெய் மாதிரிப் பண்டமும் எரிபொருள்தான் என்பதை உலகம் அன்று கற்றது. நம் சாலையில் எண்ணெய் டேங்கர்களைப் புதிய நீண்ட சுரங்கங்களுக்குள் விடாமல் பழைய மலைப் பாதையிலேயே அனுப்புவது இதனால்தான். ஆக, மிக ஆபத்தான சுமை மிகக் கடினமான பாதையில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த டிரைவர்களை யாராவது நினைத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கத்தால் இழந்தவர்களும் உண்டு. பத்னிடாப் வழியில் குத் என்ற சிற்றூர், பதீசா என்ற இனிப்புக்குப் பேர்போனது. நெய்யில் நூல் நூலாக இழுத்த இனிப்பு, நம் சோன் பப்டிக்கு அக்காள் முறை. லாரியும் பஸ்ஸும் நின்று வாங்கிப் போன கடைகள். சுரங்கம் திறந்த வருடம் அங்கே போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, வாங்க ஆள் குறைவு. இரண்டு கிலோ வாங்கினேன். பீடா என்ற இடத்தில் ராஜ்மா சோற்றில் நெய்யை ஊற்றி, மாதுளை விதைத் துவையலோடு கொடுப்பார்கள். அந்தக் கடைகள் சுரங்கத்துக்கு ராம்பன் புறம், சாலைமேலேயே இருப்பதால் பிழைத்தன. ஒரு கோட்டை இந்தப் பக்கம் நகர்த்தினால் யாருடைய அடுப்பு அணையும் என்பதும் சாலைக்காரன் கணக்கில் வர வேண்டும். எங்கள் படங்களில் அதற்குக் கட்டம் இல்லை.

ராம்பன்–பனிஹால் நடுவே வேலை இன்னும் ஓயவில்லை. பந்தியால் என்ற இடத்தில் காற்று வேகமாக அடித்தாலே மேலிருந்து கல் பாயும். சாலைமேல் இரும்புக் கூடு போட்டுப் பார்த்தார்கள், கற்கள் அதையும் உடைத்தன. 2023 மார்ச்சில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு சுரங்கம் திறந்து அந்த இடத்தையே தவிர்த்தார்கள். ராம்பன் கடைத்தெருவுக்கு வெளியே ஒரு கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்துவிட்டது. பந்தியாலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை நினைத்தால், அந்தச் சிறிய சுரங்கத்தை இருபது வருடம் முன்பே குடைந்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சாலையின் மேல்தோல் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. "புதுசாப் போட்ட தார் ஏன் சார் ஒரே வருசத்துல பள்ளமாகுது?" 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ராணுவ லாரிகளை இரவும் பகலும் ஓட்டி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சின் பாரத்தைப் பொறுத்து நான்காம் அடுக்கில் பெருகுகிறது என்று அதில் கண்டார்கள். அதாவது பாரம் இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. 8 டன் அச்சு ஒரு தடவை உருண்டு செய்யும் சேதத்தைச் சிறு காரின் அச்சு செய்ய ஏறக்குறைய 14,000 தடவை உருள வேண்டும். 2018இல் நம் நாட்டில் நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக அனுமதியை உயர்த்தினார்கள். எடை கூடியது எட்டில் ஒரு பங்குதான். சேதம் கூடுவது அறுபது விழுக்காடு. மலையில் இது இன்னும் மோசம். சமவெளியில் அறுபதில் பறக்கும் லாரி ஏற்றத்தில் நடை வேகத்தில் ஊர்கிறது. ஒவ்வொரு அடியிலும் பாரம் அதிக நேரம் நிற்கிறது, இழுக்கும் சக்கரம் தாரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அடியில் தண்ணீர் தேங்கினால் அதோடு முடிந்தது. வடிகால் அடைப்பு எடுக்கும் மண்வெட்டிக்காரருக்குக் கொடுக்கும் கூலிதான் மலைச்சாலையில் செலவழிக்கும் மிக லாபமான பணம்.

2025இல் அந்தச் சாலை பட்ட பாட்டைத் தொலைபேசியில்தான் கேட்டேன். ஏப்ரல் 20ஆம் தேதி ராம்பனில் கொட்டித்தீர்த்த மழையில் ஓடைகள் ஊருக்குள் பாய்ந்தன. மூன்று பேர் இறந்தார்கள். பிறகு மழைக்காலத்தில் உதம்பூர் அருகே தர்ட் என்ற இடத்தில் ஒரு மலைப்பகுதியே சாலைமேல் இறங்கியது. சிறு வண்டிகளுக்கு ஒற்றை வழி திறந்த பிறகும் சுமைலாரிகள் நாள்கணக்கில் நின்றன. ஆப்பிள் பறிக்கும் பருவம். காஷ்மீர் வருடத்துக்கு 20 லட்சம் டன் அளவுக்கு விளைவிக்கிறது, அதில் பெரும்பங்கு இந்தச் சாலையில்தான் வெளியேற வேண்டும். செப்டம்பரில் பட்காமிலிருந்து டெல்லிக்கு ஆப்பிளை ரயிலில் அனுப்ப ஆரம்பித்தார்கள். அந்த ஜூன் மாதம்தான் காஷ்மீர் ரயில்பாதை முழுவதும் இணைந்திருந்தது. இனி சரக்கில் ஒரு பங்கை ரயில் வாங்கிக்கொள்ளும், வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

ராசிபுரத்துத் தம்பி காசிகுண்டில் மாட்டியிருந்தார். இப்போது சொந்த வண்டி, பன்னிரண்டு சக்கரம், கடன் பாக்கியோடு. தினமும் போன் செய்வார். சாலையைப் பற்றிக் குறை சொல்லமாட்டார்.

"சரக்கு அழுகுறது கூடத் தாங்கிக்கலாங்கண்ணா. ஆயிரம் வண்டி நிக்குது. ஒரு கக்கூஸ் இல்ல, குளிக்கத் தண்ணி இல்ல. சமவெளியில வண்டிய நிப்பாட்ட எத்தனை இடம் வெச்சிருக்காங்க. இங்க மலை மூடுங்கறது தெரிஞ்ச கதைதானே. மூடுறப்ப நாங்க நிக்க ஒரு எடம் கட்டியிருக்கலாமில்ல?"

எனக்கு வார்த்தை வரவில்லை. ஐந்து வருடம் அந்தச் சாலையை அளந்தவன் நான். வளைவின் ஆரம், சரிவின் விழுக்காடு, ஷாட்கிரீட் கனம், எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். லாரி நின்றால் டிரைவர் எங்கே ஒதுங்குவார் என்று ஒரு நாளும் குறிக்கவில்லை. மலையில் சமநிலம் கிடைக்காதுதான். ஆனால் மக் கொட்டி நிரப்பிய மேடைகள் இருந்தன. கெட்டிப்படுத்தித் தளம் போட்டால் முந்நூறு வண்டி நிற்கும். இப்போது அந்த யோசனையைப் படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன்.

அக்டோபர் முதல் வாரம் ஒரு நாள் விடியற்காலை தம்பியிடமிருந்து அழைப்பு. தருமபுரி தாண்டி டீக்கடையில் நிற்கிறாராம். பாதிச் சுமை போனது போக மீதியோடு வந்துவிட்டார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது. ஒரு பெட்டி ஆப்பிளை என் கையில் வைத்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. கீழே தொப்பூர் இறக்கத்தின் தொடக்கத்தில், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைமேல் வெயில் விழ ஆரம்பித்தது.

"செகண்ட்லயே எறங்கறேங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் எஞ்சின் உறுமல் நெடுநேரம் கேட்டது. ரெட்டைப் பாலம் தாண்டி அந்தச் சத்தம் மாறும்வரை சாலையோரத்திலேயே நின்றிருந்தேன். காற்றில் எந்த வாடையும் வரவில்லை.